ஏழு தொட்டி, இரண்டு நிமிஷம்

"மேதா, தொட்டியெல்லாம் தலைகீழா நிக்கறது. வந்து பாரு."

"போட்டோவை ரொட்டேட் பண்ணுப்பா. நான் மீட்டிங்ல இருக்கேன்."

"நானும் அரை மணியா பண்ணிண்டிருக்கேன். ஒரு தடவை படுத்துக்கறது, ஒரு தடவை குப்புற விழறது. நிமிரமாட்டேங்கறது. கீழாத்துப் பாட்டியாவோட தொட்டியோன்னோ, அவன் குணம்தானே அதுக்கும் இருக்கும்."

பட்டாபி மவுஸை மேஜையில் ஓங்கி வைத்தார். அதில் எங்கோ ஏதோ அழுந்தி, படம் தானாகவே நிமிர்ந்துகொண்டது. திரையில் காவி அடித்த ஏழு பூந்தொட்டிகள் வரிசையாக, ஒரு தப்பும் செய்யாதவைபோல நின்றன. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

ஜனக்புரியில் அந்தத் தெருவில் பட்டாபிக்குக் கோபக்காரர் என்று பெயர். அது சரியான பெயர் இல்லை. கோபக்காரர்கள் சில சமயம் கோபமாக இருப்பார்கள், மற்ற சமயம் சும்மா இருப்பார்கள். பட்டாபி சும்மா இருந்து அவர் மனைவி ராஜலக்ஷ்மியே முப்பத்தோரு வருஷத்தில் பார்த்ததில்லை. மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசராக இருந்தவரையில் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்ட கோபம், ஓய்வு பெற்ற பிறகு மனைவி, மகள் என்று இரண்டே பேருக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் இந்தத் தடவை அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதை அவருக்கு ஆகாதவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள்.

மாடிப்படியை ஒட்டி, நாவல் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம். பதினோரு வருஷமாகப் பட்டாபியின் கார் அங்கேதான் நின்றது. போன மே மாதக் கடைசியில் காரைப் பெயின்ட் அடிக்கப் பட்டறையில் விட்டுவிட்டு, மூன்று பேருமாகக் கும்பகோணம் கிளம்பினார்கள்.

ஊருக்குப் போவதென்றால் பட்டாபிக்கு அது ஒரு நிர்வாகக் காரியம். ரயில் புறப்பட்டதும் போனைக் காதில் வைத்தால் ஆக்ரா வரும்வரை எடுக்கமாட்டார். பால்காரனுக்கு ஒரு கட்டளை, பேப்பர்காரனுக்கு ஒரு கட்டளை, இஸ்திரிக்காரனுக்கு ஒரு கட்டளை, நினைவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கட்டளை. எல்லாவற்றுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: "அக்லே ஆதேஷ் தக்." மறு உத்தரவு வரும் வரை. முப்பத்து நாலு வருஷம் ஆபீஸ் ஆர்டர்களின் அடியில் அதை எழுதி எழுதி, அவர் பேச்சுக்கு அதுவே முற்றுப்புள்ளியாகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பயணிகள் பெரிய அதிகாரி என்று நினைத்துக் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, புது வெள்ளைப் பெயின்ட்டோடு காரை ஓட்டிக்கொண்டு வந்தால், இடத்தில் ஏழு தொட்டிகள். காவி நிறம், விளிம்பில் வெள்ளைக் கோடு. கீழ் வீட்டுப் பாட்டியாவின் பால்கனியில் இருந்த தொட்டிகளும் அதே காவி, அதே வெள்ளைக் கோடு. இடம் பிடிக்க டில்லியில் செங்கல் வைப்பார்கள், உடைந்த நாற்காலி வைப்பார்கள், தொட்டி வைப்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். இதற்குமேல் சாட்சி எதற்கு?

அன்று முதல் பட்டாபியின் கார் பார்க் கேட்டைத் தாண்டி, குப்பை கொட்டுகிற இடத்துக்கு எதிரே நின்றது. செப்டம்பரில் ராஜலக்ஷ்மிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போக, அந்தக் கார்வரைக்கும் அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அவள் முகம் சுருங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பட்டாபிக்குத் தாங்காது. அதை வெளியில் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி பாட்டியாவைத் திட்டுவதுதான்.

"ஏன்னா, பாட்டியாகிட்ட காரே கிடையாதே. ஒரு ஓட்டை ஸ்கூட்டர். அவருக்கு எதுக்கு இடம்?" என்று ராஜலக்ஷ்மி ஒரு நாள் கேட்டாள்.

"அதான் அவன் சாமர்த்தியம். முதல்ல இடத்தைப் பிடிப்பான். அப்பறம் கார் வாங்குவான்."

"ஒரு தடவை நேரா கேட்டுட்டா என்ன?"

"கேட்டா? ஆமாம் பட்டாபி ஜீ, நான்தான் திருடன்னு ஒத்துண்டுடுவானாக்கும்."

"அப்போ தூக்கி ஓரமா வெச்சுட்டு நம்ம காரை விட்டுடுங்கோளேன்."

"அடுத்தவா சொத்தைத் தொடச் சொல்றியா? நாளைக்கு என் மேலயே கம்ப்ளெயின்ட் குடுப்பான். எதுவானாலும் ப்ராப்பர் சேனல்ல போகணும். அதுவரைக்கும் அவனோட இந்தாத்துல யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது. அக்லே ஆதேஷ் தக்."

பாட்டியா மனைவியை இழந்தவர். தனியாக இருந்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "பட்டாபி ஜீ, வோ கம்லே..." என்று ஆரம்பிப்பார். அந்தத் தொட்டிகள் என்று அர்த்தம். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை. சொல்லவிட்டால்தானே. பட்டாபி மஃப்ளரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு விருட்டென்று மேலே ஏறிவிடுவார்.

போதாக்குறைக்குத் தோட்டக்காரர் சுக்லால் வேறு. தினமும் காலையில் அந்த ஏழு தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிவிட்டு, பால்கனியில் நிற்கிற பட்டாபியை அண்ணாந்து பார்த்து, "டீக் ஹை, சாப்?" என்று, சரிதானே என்பதுபோல், சலாம் போடுவார். பாட்டியா சொல்லிக்கொடுத்துத்தான் இந்த ஆள் கிண்டல் செய்கிறான் என்று பட்டாபி பல்லைக் கடிப்பார்.

இப்போது டிசம்பர். சொசைட்டிக்குப் புதிதாகச் செக்ரட்டரி ஆகியிருந்த ஸ்ம்ருதி, இருபது கார்களுக்கான இடத்தையும் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டு, நம்பர் எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிவிடப் போவதாக அறிவித்தாள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அதில் முடிவாகிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. அன்றைக்கும் தொட்டிகள் அங்கேயே இருந்தால், ராஜலக்ஷ்மி ஆயுசுக்கும் குப்பைமேட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

பட்டாபி பதினோரு பக்கத்தில் புகார் எழுதி, நாலு அனெக்ஷர் இணைத்து எடுத்துக்கொண்டு போனார். ஸ்ம்ருதி அதைக் கையில் வாங்கவே இல்லை.

"அங்கிள், இனிமேல் எழுத்துப் புகார் கிடையாது," என்றாள் இந்தியில். "டிஜிட்டல் ஸ்டோரி. இரண்டு நிமிஷம். போட்டோக்களை வரிசையாக வைத்து, உங்கள் குரலில் கதையைச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஆறு மணிக்குள் அனுப்பிவிட்டால் கூட்டத்தில் போட்டுக் காட்டுகிறோம்."

"எப்போலேருந்து இந்த ரூல்?"

"உங்கள் போன புகாரைப் படித்து முடித்த அன்றிலிருந்து."

அந்த இரண்டு நிமிஷக் கதைக்காகத்தான் வியாழக்கிழமை காலையிலிருந்து பட்டாபி மகளின் பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேதா அதில் இலவசமாகக் கிடைக்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக்கொடுத்திருந்தாள். கீழே ஒரு நீளப் பட்டை. அதில் போட்டோக்களை இழுத்து இழுத்து வைத்தால் வீடியோ. குழந்தைகூடச் செய்யும் என்றாள். அவள் அப்படிச் சொன்னதிலேயே பட்டாபிக்குப் பாதி கோபம்.

தொட்டிகளை அவர் ஆறு மாதமாகப் படம் எடுத்துவந்திருந்தார். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. எல்லாவற்றையும் இழுத்து வைத்தார். மத்தியானம் மேதா வந்து பார்த்தாள்.

"அப்பா, இது பன்னண்டு நிமிஷம் வருது. ஒரு போட்டோக்கு அஞ்சு செகண்ட். இருபத்து நாலுதான் வெக்க முடியும்."

"மீதி நூத்திப் பத்தொம்பதும் எவிடென்ஸ் இல்லையா?"

"எல்லாம் அதே தொட்டிதானேப்பா."

"தேதி வேற வேற."

அவள் போன பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு படத்துக்கு ஐந்து நொடி என்பதை ஒரு நொடிக்கும் குறைவாக ஆக்கினார். இப்போது நூற்று நாற்பத்து மூன்று படமும் சரியாக இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கின. பெருமையோடு ராஜலக்ஷ்மியைக் கூப்பிட்டுக் காட்டினார். தொட்டிகள் படபடவென்று இடமும் வலமுமாகக் குதித்தன. முப்பது நொடி பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தலை சுத்தறது. முட்டி ஒண்ணுதான் போயிருக்குன்னு நெனச்சேன்."

கடைசியில் இருபத்து நாலுக்குச் சம்மதித்தார். முதலில் பென்ஷன் கார்டுக்காக எடுத்த தன் போட்டோ. அப்புறம் பழைய நாளில் நாவல் மரத்தடியில் நின்ற கார். அப்புறம் தொட்டிகள், பார்க் கேட், குப்பைமேடு, முட்டியின் எக்ஸ்ரே, பூ வைத்துக்கொண்டிருக்கிற ராஜலக்ஷ்மி. கடைசிப் படம் பாட்டியா. ஹோலியன்று எடுத்தது, முகமெல்லாம் கலர் பொடியோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். குற்றவாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டாபிக்குப் பரம திருப்தி.

அடுத்தது குரல். வெள்ளிக்கிழமை காலை மைக்கை ஆன் செய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்தியில் ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் தெருவில் காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி உருளைக்கிழங்கு விலையைச் சொல்லியது. திரும்ப ஆரம்பித்தார். குக்கர் விசில் அடித்தது. மூன்றாம் தடவை, "இந்த அக்கிரமத்தைக் கேட்பார் யாருமில்லையா" என்று அவர் உருகிய இடத்தில், "ஏன்னா, தோசைக்கு மொளகாப்பொடி போறுமா?" என்று ராஜலக்ஷ்மி கேட்டாள்.

"இந்த ஆத்துல ஒரு மனுஷன் ரெண்டு நிமிஷம் பேச முடியறதா? குக்கரை நிறுத்து. அக்லே ஆதேஷ் தக்."

"நிறுத்தினா மத்தியானம் சாப்பாடு கெடையாது. பரவாயில்லையா?"

அவர் கட்டிலில் ஏறி, ரஜாயை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளிருந்தே பேசினார். பேசி முடித்து வெளியே வந்தபோது மூச்சு வாங்கியது. போட்டுக் கேட்டால், மூன்று நிமிஷம் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் கூடும் என்று மேதா சொல்லியிருந்தாள். அழுத்தினார். சரியாக இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் மூன்று வயசுக் குழந்தை ஒன்று பார்க்கிங்கைப் பற்றி வீறிட்டு அழுவதுபோல் இருந்தது. ராஜலக்ஷ்மி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"சிரிடி. நன்னா சிரி. யாருக்காக நான் இந்தப் பாடு படறேன்? அந்தக் குப்பைமேட்டுக்கு நானா வாக்கரைத் தள்ளிண்டு போறேன்?"

உள்ளே சிரிப்புச் சத்தம் நின்றது.

அப்பா கத்தியதைக் கேட்டு மேதா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "உபர்யுக்த்" என்று அவர் சொன்ன இடத்தையெல்லாம் வெட்டினாள். மேற்படி என்பதற்கு ஆபீஸ் இந்தி அது. மேற்படி இடம், மேற்படி தொட்டி, மேற்படி பாட்டியா என்று எல்லா மேற்படியும் போனதில் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் மிச்சமாயிற்று. குரலை இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வாக்கியமும் அதற்குரிய படத்தில் விழும்படி இழுத்து நகர்த்தினாள்.

மூன்று பேருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். நன்றாகத்தான் வந்திருந்தது. எக்ஸ்ரே படத்தில், "இந்தக் கால் இன்னும் எத்தனை நாள் நடக்கும்?" என்று அவர் குரல் கேட்டபோது ராஜலக்ஷ்மி அவரைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைப் பற்றி இவருக்கு இப்படிக்கூடப் பேச வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பட்டாபி ஜன்னலுக்கு வெளியே எதையோ முறைத்துக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பிச்சுடுப்பா. பஸ், முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு மேதா மறுபடி மீட்டிங்குக்குப் போனாள்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு காரியம் முடிந்தால், அதன் காகிதங்களை அப்படியே மேஜையில் விட்டுவிட்டுப் போகிற மனுஷர் இல்லை பட்டாபி. லேப்டாப்பில் இருபத்து நாலு போட்டோக்கள் வெறும் நம்பர்களோடு கண்டபடி கிடந்தன. அவருக்கு உடம்பு கூசியது. 'சேவ்' பொத்தானை அழுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினார். அனெக்ஷர் ஏ, பி, சி, டி என்று நாலு ஃபோல்டர் திறந்தார். ஆபீஸ் முறைப்படி எதிர்க்கட்சிக்காரர் முதலில். ஆகவே பாட்டியாவின் ஹோலி போட்டோ ஏ-1. அப்புறம் எக்ஸ்ரே, பார்க் கேட், தொட்டிகள், மற்றதெல்லாம். புகார் கொடுப்பவரின் அடையாளம் எப்போதும் கடைசியில். ஆகவே அவருடைய பென்ஷன் கார்டு போட்டோ டி-6. பழைய நம்பர்களை எல்லாம் அழித்துப் புதுப் பெயர் சூட்டினார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை மேதா சிநேகிதியின் கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கரோல் பாக் போய்விட்டாள். நாலரை மணிக்குப் பட்டாபி வீடியோவைத் திறந்தார். கடைசியில் தன் கையெழுத்தையும் தேதியையும் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி. கையெழுத்தில்லாத புகார் செல்லாது.

திறந்தால் தொட்டியும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. இருபத்து நாலு சிவப்புக் கட்டம். ஒவ்வொன்றிலும் 'கோப்பு காணவில்லை' என்று இருந்தது. குரல் மட்டும் பின்னணியில் பாட்டியாவைத் திட்டிக்கொண்டிருந்தது.

மேதாவுக்குப் போன் போட்டார்.

"அப்பா, போட்டோவையெல்லாம் வேற எடத்துக்கு நகர்த்தினியா?"

"நகர்த்தலை. ஃபைல் பண்ணினேன்."

"ஹே பகவான். அந்த சாஃப்ட்வேர் போட்டோவைத் தனக்குள்ள வெச்சுக்காதுப்பா. எங்க இருக்குன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். பழைய எடத்துல, பழைய பேர்ல திருப்பி வெச்சுடு."

"பழைய பேரா? வெறும் நம்பர். அதை யார் ஞாபகம் வெச்சுப்பா?"

"நேத்திக்கு எக்ஸ்போர்ட் பண்ணினது இருக்கோல்லியோ? அதை அனுப்பு."

"சேவ் பண்ணினேன்."

"சேவ் வேற, எக்ஸ்போர்ட் வேறப்பா."

"ஒரே காரியத்துக்கு எதுக்குடி ரெண்டு பேர்? எந்த முட்டாள் பண்ணின சாஃப்ட்வேர் இது?"

கடைக்காரன் யாரோ "பெஹன் ஜீ, ஜல்தி" என்று அவசரப்படுத்துவது போனில் கேட்டது. மேதா வழி சொன்னாள்: ஒவ்வொரு சிவப்புக் கட்டத்தையும் தொட்டால், படம் எங்கே என்று கேட்கும், அதற்குரிய படத்தைக் காட்டினால் போதும். "கவனமா பாத்துக் காட்டு. முடிச்சுட்டு ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாரு, அச்சா?"

மணி ஐந்து இருபது. பட்டாபி முதல் கட்டத்தைத் தொட்டார். எங்கே என்று கேட்டது. ஏ-1 என்றார். இரண்டாவது கட்டம், ஏ-2. அவருடைய ஃபைலிங் அவ்வளவு சுத்தமாக இருந்தது, சந்தேகத்துக்கே இடமில்லை. ஏ முடிந்து பி, பி முடிந்து சி. கடைசிக் கட்டத்துக்கு டி-6. சிவப்பெல்லாம் மறைந்தது. அடியில் கையெழுத்தைச் சேர்த்தார். இந்தத் தடவை எக்ஸ்போர்ட்டையே அழுத்தினார். ஐந்து ஐம்பத்தேழுக்கு அனுப்பியும்விட்டார்.

"ஒரு தடவை ஓட்டிப் பாக்கச் சொன்னாளே கொழந்தை," என்றாள் ராஜலக்ஷ்மி.

"முப்பத்து நாலு வருஷம் டிராஃப்ட் போட்டவன் நான். ஃபேர் காபியைத் திருப்பிப் படிக்கற வழக்கமே கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பார்க்கில் ஷாமியானா போட்டு, யாரோ வீட்டு டிவியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நாற்பது பேர் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜலக்ஷ்மி முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுக்லால் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டாபி மகளிடம், "வீடியோ ஓடறப்போ பாட்டியா மூஞ்சியை ஷூட் பண்ணு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே," என்று போனைக் கொடுத்திருந்தார்.

டிவி உயிர்பெற்றது. பட்டாபியின் கணீரென்ற குரல் பார்க் முழுவதும் எழுந்தது.

"நான் பட்டாபிராமன். மத்திய அரசில் முப்பத்து நாலு வருஷம் அப்பழுக்கில்லாமல் பணியாற்றியவன்."

திரையில் பாட்டியா ஹோலிக் கலரோடு பல்லைக் காட்டினார்.

கூட்டத்தில் ஒருவர் கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பட்டாபி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பதினோரு வருஷமாக என் கார் நின்ற அழகைப் பாருங்கள்." முட்டியின் எக்ஸ்ரே.

"இதோ, வெட்கமில்லாமல் அடுத்தவன் இடத்தில் நிற்கிற தொட்டிகள்." பார்க் கேட்.

"நம் பிளாக்கிலேயே சகிக்க முடியாத இடம் இதுதான். பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்." திரையில் ராஜலக்ஷ்மி தலை நிறையப் பூவோடு புன்னகைத்தாள்.

முன்வரிசையில் ராஜலக்ஷ்மி மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். பின்வரிசைகளில் சிரிப்பை அடக்க முடியாமல் ஆட்கள் இருமினார்கள்.

"நிறுத்துங்கோ," என்று பட்டாபி எழுந்தார். அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது. யாருக்கும் புரியவில்லை. வீடியோ தன் கடைசி வாக்கியத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"தொட்டி வைத்து இடத்தை அடைத்த ஆள் இவர்தான். இந்த முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்."

பென்ஷன் கார்டு போட்டோவில் பட்டாபி எல்லோரையும் முறைத்தார். அடியில் அவருடைய கையெழுத்து, தேதியோடு.

அதற்குமேல் யாரும் அடக்கிக்கொள்ளவில்லை. ஒரு குழந்தை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டது. சிரிக்காமல் இருந்தது இரண்டே பேர். ஒருவர் பட்டாபி. இன்னொருவர் பாட்டியா. அவர் கையைக் கூப்பியபடி எழுந்தார்.

"பட்டாபி ஜீ, தொட்டி என்னுடையதுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வைத்தது நான் இல்லை. வோ கம்லே..."

"போதும்," என்று பட்டாபி இந்தியில் கத்தினார். முகம் தொட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. "படம் மாறிப்போச்சு, அவ்வளவுதான். அது டெக்னிக்கல் தவறு. புகார் மாறவில்லை. என் மனைவி ஆபரேஷன் ஆன காலோடு குப்பைமேடுவரை நடக்கிறாள். அதைப் பார்த்து இங்கே ஒருத்தருக்கும் சிரிப்பு வரக்கூடாது."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பட்டாபிக்கு வேகம் வந்தது.

"வைத்தது பாட்டியா இல்லையென்றால் வேறு யாரோ. யாராக இருந்தாலும் சரி. நான் ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். அந்தத் தொட்டிகளை அங்கே வைக்கச் செய்த ஆளுக்கு, இந்த சொசைட்டியில் பார்க்கிங் நம்பர் கிடையாது. இந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று மன்னிப்பும் கேட்க வேண்டும். வயசு, உத்தியோகம் எதையும் பார்க்கக்கூடாது."

ஸ்ம்ருதி தீர்மானத்தை வாசித்து வாக்குக்கு விட்டாள். எல்லாக் கையும் உயர்ந்தது. பாட்டியா மட்டும் தயங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பட்டாபி முறைத்த முறைப்பில், பெருமூச்சு விட்டுக்கொண்டு அவரும் கையைத் தூக்கினார். ஏகமனதாக நிறைவேறியது என்று ஸ்ம்ருதி மினிட் புத்தகத்தில் எழுதினாள். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் பட்டாபி பேனா அழுந்தக் கையெழுத்துப் போட்டார்; எழுத்து மறுபக்கம் தெரிந்தது. ராஜலக்ஷ்மியைப் பார்த்து, இனி உன் கார் மாடிப்படிக்கு வந்துவிடும் என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் இல்லை. மேதா இன்னும் வீடியோவை நிறுத்தவில்லை.

"முதலில் அந்தத் தொட்டிகளை எடுங்கள். மற்றது அப்புறம்," என்றாள் ஸ்ம்ருதி. "சுக்லால், போய் இப்போதே தூக்கி வையுங்கள்."

சுக்லால் டீத் தட்டைக் கீழே வைத்தார். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. பட்டாபியை ஒரு தடவை பார்த்தார். பிறகு செக்ரட்டரி பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தார். 

"நீங்க சொல்லி நான் எப்படி எடுக்கறது மேடம், மே மாசம் ரயில்லேருந்து போன் பண்ணி, 'யாரும் வண்டியை விடாம என் இடத்துல எதையாவது கேட்டு வாங்கி வை, அக்லே ஆதேஷ் தக்'னு பட்டாபி சாப்தானே சொன்னாங்க, அந்த ஆதேஷ் இன்னும் வரலியே."